புத்தகத்தை மட்டும் நம்பிக் காவிரியோடு கிளம்பினேன்

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். அம்மா மண்டபம் படித்துறையில் ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்ட அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சின்ன வயதில் கேட்டபோது அம்மா "குடகுடா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தக் குடகை ஒருநாள் பார்த்துவிட வேண்டும், அங்கிருந்து ஆற்றோடு கடல்வரை வர வேண்டும் என்ற ஆசை நாற்பது வருடமாக மனதில் கிடந்தது. ஐம்பத்து மூன்றாவது வயதில், சர்க்கரை வியாதியோடு, ஆடி மாதத்தில், தனியாகக் கிளம்பினேன். திரும்பி வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து. என்னைப்போல் புத்தகம் படித்துவிட்டுப் பை தூக்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். கிளம்பும் முன் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பயணப் புத்தகம் என்றால் எனக்கு உயிர். ஏ.கே. செட்டியார் எழுதியவற்றைக் கல்லூரி நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்தே படித்து முடித்தேன். ராகுல் சாங்கிருத்யாயனின் ஊர்சுற்றிப் புராணம், வீட்டை விட்டுக் கிளம்பு என்று தோளைப் பிடித்துத் தள்ளுகிற புத்தகம். அதைப் படித்த ஒவ்வொரு தடவையும் நான்கு நாள் தூக்கம் வராது. எல்லாவற்றுக்கும் மேல் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய நடந்தாய் வாழி காவேரி. சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டு, ஆறு பிறக்கிற இடத்திலிருந்து கடலில் சேர்கிற இடம்வரை எழுதியிருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் பிரதி அட்டை கிழிந்து, மாட்டுத்தாள் போட்டு ஒட்டியது. எத்தனை முறை படித்தேன் என்று கணக்கு இல்லை. அது வெளிவந்தது 1971-ல். இந்த ஒரு எண்ணை நான் கவனித்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

பதினான்கு நாள் விடுப்பு, இருபத்திரண்டாயிரம் ரூபாய், ஒரு முதுகுப்பை, இந்தப் புத்தகம். இதுதான் திட்டம். ஆடியில் போனால் ஆறு நிறைந்து ஓடும், பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்தேன். ஆறு நிறைகிறது என்றால் மேலே குடகில் மழை கொட்டுகிறது என்றுதானே அர்த்தம்? கீழே இருந்து ஆற்றைப் பார்த்தே பழகியவனுக்கு அது உறைக்கவில்லை. 2018 ஆகஸ்டில் குடகில் மலை சரிந்ததும், 2020 ஆகஸ்டில் காவிரி பிறக்கிற தலைக்காவேரியிலேயே பிரம்மகிரி மலைச்சரிவில் கோயில் அர்ச்சகரின் வீடு புதைந்ததும் செய்தித்தாளில் நானே படித்தவைதான். படித்ததையும் போகப்போவதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. மனைவி மட்டும் "மழை விட்டதும் போகக் கூடாதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் ராத்திரி மைசூரு எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் மைசூரில் இறங்கி, பஸ் பிடித்து மடிக்கேரி. நூற்றிருபது கிலோமீட்டர்தான், ஆனால் குஷால்நகர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழைபோல அடித்து ஓய்கிற மழை இல்லை. விடாமல், ஒரே சீராக, பகலா சாயங்காலமா என்று தெரியாதபடி பெய்கிற மழை. மடிக்கேரி நிலையத்தில், தலைக்காவேரிக்குப் போகிற வழியில் இருக்கிற பாகமண்டலாவுக்கு பஸ் எது என்று கேட்டேன். கண்டக்டர் தலையை ஆட்டி, "நீரு பந்திதே சார், பஸ் ஹோகல்லா" என்றார். எனக்குக் கன்னடம் தெரியாது, ஆனால் தண்ணீர் வந்துவிட்டது, பஸ் போகாது என்பது புரிந்தது. பாகமண்டலாவில் காவிரியும் கன்னிகையும் சுஜ்யோதியும் கூடுகின்றன. கனமழையில் அந்தச் சங்கமம் ஏறிவந்து சாலையை மூடிவிடும் என்று அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த ஊர்க்காரர்களுக்கு அது வழக்கமான விஷயம். அவர்கள் அரிசியும் மண்ணெண்ணெயும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள்.

பாகமண்டலா பக்கம் ஒரு காபித் தோட்டத்து விடுதியில் இரண்டு ராத்திரிக்கு ஆறாயிரம் ரூபாயை முழுசாக முன்பணமாக அனுப்பியிருந்தேன். போன் போட்டால் போகவில்லை. மின்சாரம் போய், டவரும் போயிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் விடுதிக்காரர் கிடைத்தார். "விடுதி திறந்துதான் இருக்கிறது, நீங்கள்தான் வரவில்லை, பணம் திரும்ப வராது" என்றார். ரசீது கேட்டு வாங்கவில்லை, நிபந்தனை எழுத்தில் இல்லை. கோபம் வந்தது, ஆனால் எதை வைத்துச் சண்டை போடுவது? மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் ஒரு ராத்திரி வாடகைக்கு மேல் முன்பணம் அனுப்பாதீர்கள். சாலை மூடினால் பணம் திரும்புமா, இல்லை தேதி மாற்றித் தருவார்களா என்பதை வாட்ஸப்பில் ஒரு வரி எழுதி, அவர்கள் "சரி" என்று போட்ட பிறகு அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

மடிக்கேரியில் ஒரு லாட்ஜில் நாளொன்றுக்கு ஆயிரத்து நானூறு ரூபாயில் நான்கு ராத்திரி கிடந்தேன். அறையில் சுவரே வியர்த்தது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. நான் போட்டுப் போனது ஒரே ஜோடி ஷூ, கடையில் மலையேறுவதற்கென்று சொல்லி இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்குக் கொடுத்தது. முதல் நாளே நனைந்தது. அதே ஈர ஷூவை ஈரக் காலுறையோடு நான்கு நாளும் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினேன். மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டதும் ஒரு தோட்டத்துப் பாதையில் நடந்தேன். திரும்பி வந்து காலுறையைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி ஐந்து அட்டைகள். பதறிப்போய்ப் பிடித்து இழுத்துப் பிய்த்துப் போட்டேன். லாட்ஜ் பையன் ஓடிவந்து, "அப்படி இழுக்கக் கூடாது அண்ணா, உப்பு வைத்தால் தானாக விழும்" என்று உப்பும் சோப்பும் கொண்டுவந்து கொடுத்தான். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் ரொம்ப நேரம் கசியும், அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அந்தப் புண் ஈரத்திலேயே கிடப்பதற்குத்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இரண்டு மடங்கு. அன்றைக்கே கால்விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி வெடித்திருந்தது. பார்த்தேன், பவுடர் போட்டேன், மறந்துவிட்டேன்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மழைப்பிரதேசத்துக்குப் போனால் காலுக்குத்தான் முதல் செலவு. ஈரமானால் சீக்கிரம் காய்கிற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, காலுறை குறைந்தது ஆறு ஜோடி, ராத்திரி ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள், ஒரு பொட்டலம் உப்பு, கிருமிநாசினி மருந்து. எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். தினமும் படுக்கும் முன் வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டு நேரம் தவறினாலும் எப்படிப் போடுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் "இன்னும் சாப்பிடவில்லையே" என்று தள்ளித் தள்ளி, நான்கு நாளில் பாதி மாத்திரையைத்தான் போட்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை தண்ணீர் வடிந்தது என்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஒரு ஜீப்புக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய் பேசிப் போனேன். பாகமண்டலாவிலிருந்து தலைக்காவேரி எட்டு கிலோமீட்டர் மேலே. கடல்மட்டத்திலிருந்து 1,276 மீட்டர். பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாத மூட்டம். ஷூவைக் கழற்றிவிட்டு ஈரக் கல்லில் நடந்து, குண்டிகை என்கிற அந்தச் சின்னச் சதுர ஊற்றுத் தொட்டி முன்னால் நின்றேன். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மடைப்பள்ளி அண்டாவைவிடச் சின்னதாகத் தெரிந்தது. அதன்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துளிக்கும் ஒரு வட்டம் எழுந்து, அடுத்த வட்டத்தோடு சேர்ந்து அழிந்தது. அம்மா சொன்ன குடகு இதுதான். நான் அழுதேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. இத்தனை நடந்த பிறகும், அந்தக் கால்மணி நேரத்துக்காக இந்தப் பயணத்தைப் பற்றி வருத்தப்பட என்னால் முடியவில்லை.

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். ஐந்து நாள் போயிருந்தது, திட்டத்தில் இரண்டு நாள்தான் அதற்கு. இனி வேகமாகப் போய் ஈடுகட்டலாம் என்று நினைத்தேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அரை நாளில் பார்த்துவிட்டு, பெங்களூர், தர்மபுரி வழியாக ஒகேனக்கல். வழியிலேயே வலது கால் ஷூவுக்குள் இறுகியது. நடந்த களைப்பு என்று நினைத்தேன். ஒகேனக்கல்லில் வினாடிக்கு லட்சம் கனஅடிக்குமேல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை, அருவிக்குப் போகிற வழியெல்லாம் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று சத்தத்தை மட்டும் கேட்டேன். நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்கிற சத்தம். என் மனதில் இருந்த ஒகேனக்கல் வேறு. அந்தப் புத்தகம் வந்தபோது கர்நாடகத்தில் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் ஒன்றும் கட்டி முடியவில்லை. இன்றைக்கு அந்த ஆறு திறந்துவிட்டால் வரும், மூடினால் நிற்கும். ஆடி மாதம் என்று பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புவது போதாது. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் எவ்வளவு திறக்கிறார்கள் என்பது தினமும் செய்தியில் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஒகேனக்கல்லில் தடை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மேட்டூருக்குக் கீழே என்றால் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள், தண்ணீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும்.

அன்று ராத்திரி காய்ச்சல். பல் கிட்டிப் போகிற குளிர். லாட்ஜில் இருந்த இரண்டு போர்வையையும் போட்டுக்கொண்டும் நடுக்கம் நிற்கவில்லை. கால் முழங்கால்வரை சிவந்து, தொட்டால் சுட்டது. போனில் சார்ஜ் பதினொரு சதவீதம். மனைவியைக் கூப்பிட எடுத்தேன், வைத்துவிட்டேன். சொன்னால் "அப்போதே சொன்னேனே" என்பாளோ என்று இல்லை, அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை. பயப்படுவாளே என்றுதான். தனியாகப் போகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். வீட்டில் இருப்பவர்களைப் பயத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, நம்மைக் காப்பாற்ற முடிகிற ஒரே ஆளிடம் விஷயத்தை மறைக்கிறோம்.

காலையில் நிலையத்தில் தர்மபுரி பஸ்ஸும் நின்றிருந்தது, மேட்டூர் போக பென்னாகரம் பஸ்ஸும் நின்றிருந்தது. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. நான் பென்னாகரம் பஸ்ஸில் ஏறினேன். ஏனென்றால் ஆற்றோடு அடுத்த ஊர் மேட்டூர். இதைவிட நேராக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சலில் இருக்கிற மனது, போட்டு வைத்த திட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ளும், அது எது ஆபத்து என்று எடை போடாது. அதனால் எப்போது திரும்புவது என்பதை வீட்டில் இருக்கும்போதே, தெளிவாக இருக்கும்போதே, தாளில் எழுதிவிடுங்கள். காய்ச்சல் வந்தால், இரண்டு நாளுக்குமேல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால், கையிருப்பு பாதிக்குக் கீழே போனால் திரும்புவது என்று எழுதி, அதன் ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிடுங்கள். என் கணக்கில் மடிக்கேரியிலேயே ஒன்று நடந்துவிட்டது.

மேட்டூரில் இறங்கியதும் நடக்க முடியவில்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் பார்த்தேன், கழலவில்லை. கடைக்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தக் காலை வெச்சுக்கிட்டா பஸ்ஸுல வந்தீங்க?" என்று டம்ளரைக் கீழே வைத்தார். அவரே கத்தரிக்கோலால் நாடாவை வெட்டி, ஷூவைக் கழற்றி, ஆட்டோ கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். ஆட்டோக்காரரிடம் "காசு வாங்கிராதீங்க, நான் குடுத்துக்கறேன்" என்று சொன்னதும் காதில் விழுந்தது. அங்கே ஊசி போட்டு, சர்க்கரை பார்த்து (318 இருந்தது), பெரிய இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அப்போதுதான் வீட்டுக்குப் போன் செய்தேன். ஈரோட்டில் இருக்கிற சித்தி மகள் ஒன்றரை மணி நேரத்தில் காரோடு வந்து நின்றாள். முதல்நாள் ராத்திரியே 108-ஐக் கூப்பிட்டிருக்கலாம். அது இலவசம், ஒகேனக்கல்லுக்கும் வரும். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு நாள். செல்லுலைட்டிஸ் என்றார்கள், தோலுக்கு அடியில் பரவுகிற கிருமித் தொற்று. முதல் நாள் ராத்திரி ஒரு நர்ஸ் பெண் வந்து, நீல பால்பாயிண்ட் பேனாவால் என் காலில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தோடு கோடு போட்டார். கணுக்காலில் தொடங்கி, கெண்டைக்கால் வழியாக வளைந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு திருப்பம். பக்கத்தில் தேதியும் மணியும் எழுதினார். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் பெல் அடிங்க, உள்ளே வந்தால் நல்லது" என்றார். மறுநாள் தாண்டியிருந்தது. மருந்தை மாற்றி இன்னொரு கோடு போட்டார்கள். மூன்றாம் நாள் நின்றது. நான்காம் நாள் அரை விரல் அளவு உள்ளே வந்தது. அந்த நாட்களில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஆறு அது ஒன்றுதான்.

பையிலிருந்து புத்தகத்தைச் சித்தி மகள் எடுத்து வைத்திருந்தாள். மழையில் ஊறி, காய்ந்து, உப்பியிருந்தது. படுத்துக்கொண்டே மறுபடி படித்தேன். புத்தகத்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது வழிகாட்டியாக எழுதப்பட்டதே இல்லை, ஒரு ஆற்றின்மேல் வைத்த பிரியத்தில் எழுதப்பட்டது. நான்தான் அதை டைம்டேபிள் மாதிரி கையில் பிடித்துக்கொண்டு போனேன். பயணப் புத்தகம் எல்லாமே பத்திரமாகத் திரும்பி வந்தவர்கள் எழுதியது. பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்த நாட்கள், வயிறு கெட்ட நாட்கள், யார் வீட்டில் சாப்பாடு போட்டார்கள், யார் முன்கூட்டிச் சொல்லி ஏற்பாடு செய்தார்கள் என்பதெல்லாம் அநேகமாக அதில் வராது, வந்தாலும் படிக்கிற நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். நான் இப்போது எந்தப் பயணப் புத்தகம் எடுத்தாலும் முன்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறேன்: எந்த வருடம், எந்த மாதம், எழுதியவருக்கு என்ன வயது, கூட யார், எதில் போனார், செலவு யாருடையது. பதில் கிடைக்காத கேள்விகள்தான் நான் கிளம்பும் முன் விசாரிக்க வேண்டியவை.

இதில் எனக்குப் பெரிதும் உதவியது மிகப் பழைய ஒரு புத்தகம். சென்னையிலிருந்து 1830-ல் காசிக்குக் கிளம்பிய ஏனுகுல வீராசாமி தெலுங்கில் எழுதிய காசி யாத்திரைச் சரித்திரம். போய்த் திரும்ப அவருக்குப் பதினைந்து மாதத்துக்குமேல் ஆனது, கூடவே நூறு பேர் அளவுக்குப் பரிவாரம். எந்த ஊரில் கடை உண்டு, எங்கே சாமான் கிடைக்கும், தங்க வசதி எப்படி, எந்த ஆற்றை எப்படிக் கடப்பது என்று பின்னால் வருகிறவனுக்காக எழுதிக்கொண்டே போகிறார். நூறு பேரோடு போனவர் அரிசி கிடைக்குமா என்று கவலைப்பட்டிருக்கிறார், தனியாகப் போன நான் படவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கு ஆனது கிட்டத்தட்ட இருபதாயிரம், அதில் ஆறாயிரம் வீண். மருத்துவமனை பில் நாற்பத்தேழாயிரத்து முந்நூறு. என் காப்பீட்டுக்கு அந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே நேராகப் பில்லைக் கட்டுகிற வசதி, கிடையாது. கையிலிருந்து கட்டி, பிறகு எழுதிப் போட்டு, இரண்டு மாதம் கழித்து முப்பத்தோராயிரம் வந்தது. கையுறை, பஞ்சு, ஊசிக்குழல் போன்றவற்றையெல்லாம் கழித்துவிட்டார்கள். சேர்ந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லச் சித்தி மகளுக்குத் தோன்றியதால்தான் அதுவாவது வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில், மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை ஒவ்வொன்றையும் வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள். போகிற வழியில் எந்தெந்த ஊர் மருத்துவமனையில் கேஷ்லெஸ் உண்டு என்று கிளம்பும் முன் பார்த்து, பாலிசி எண்ணோடு ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பதினான்கு நாள் விடுப்பு போக, ஒன்பது நாள் மருத்துவ விடுப்பும் போயிற்று.

கால் ஆற இரண்டு மாதம் ஆனது. ஐப்பசியில் மறுபடி தொடங்கினேன், இந்தத் தடவை துண்டு துண்டாக. ஒரு ஞாயிறு பவானி கூடுதுறை, காலையில் போய் ராத்திரி வீடு. அங்கிருந்து மேட்டூர்வரை போய் அந்த டீக்கடை அம்மாவைப் பார்த்தேன். ஆட்டோக் காசைக் கொடுத்தபோது வாங்கமாட்டேன் என்றார், ஸ்ரீரங்கத்துப் பிரசாதத்தை மட்டும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த மாதம் முசிறி, முக்கொம்பு. அப்புறம் கல்லணை, திருவையாறு. கல்லணையிலிருந்து மனைவியும் கூட வருகிறாள். அவள் வந்த பிறகுதான் படித்துறைகளில் பெண்கள் என்னென்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிகிறது. கும்பகோணம்வரை முடித்திருக்கிறோம். மாயவரமும் பூம்புகாரும் பாக்கி. தை பிறந்ததும், மேட்டூரை மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று அவள்தான் காலண்டரில் தேதியைச் சுற்றி வைத்திருக்கிறாள்.